எம்.எல்.ஏ. வேலை: வேட்புமனு முதல் நிலுவையில்லாச் சான்று வரை

சட்டமன்ற உறுப்பினரால் ஒரு பட்டாவில் பெயர் மாற்ற முடியாது. முதியோர் உதவித்தொகையைத் தன் கையெழுத்தில் அனுமதிக்க முடியாது. ஒரு தெருவிளக்கைக்கூடத் தன் உத்தரவில் எரியவைக்க முடியாது. சட்டம் இயற்றும்போது ஒரு ஓட்டு, அவையில் பேசவும் அரசைக் கேள்வி கேட்கவும் உரிமை, இவைதான் அரசியல் சாசனம் அவருக்கு முக்கியமாகத் தந்திருப்பவை. காலையில் வாசலில் வந்து நிற்கும் கூட்டம் கேட்பதோ பட்டா, உதவித்தொகை, தெருவிளக்கு. இந்த இரண்டுக்கும் நடுவே ஓடுவதிலேயே ஐந்து வருடமும் போய்விடும். மேடையில் வெளுத்துக்கட்டிய பலர் ஒரே தேர்தலோடு காணாமல் போயிருக்கிறார்கள். அவையில் அதிகம் வாய் திறக்காதவர்கள் மூன்று, நான்கு முறை ஜெயித்திருக்கிறார்கள். ஒரு காகிதத்தை எத்தனை மேசை வரை துரத்தினார்கள் என்று பார்த்தால் காரணம் பாதி புரிந்துவிடும்.

காகிதத்தில் கோட்டைவிடுவது வேட்புமனுவிலேயே தொடங்கிவிடுகிறது. வயது 25 நிரம்பியிருக்க வேண்டும். மாநிலத்தின் எந்தத் தொகுதியில் வாக்காளராக இருந்தாலும் வேறெந்தத் தொகுதியிலும் நிற்கலாம். ஆனால் வெளித்தொகுதிக்காரர் தன் பெயர் உள்ள வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகலைத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் காட்டியாக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர், அனைவரும் அதே தொகுதி வாக்காளர்கள். வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. பதிவான செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது திரும்பாது. பத்து முன்மொழிபவர் விதி வந்ததற்கும் வைப்புத்தொகை ஏறியதற்கும் பின்னால் ஒரு ஈரோட்டுக் கதை உண்டு. 1996-ல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்டக் கூட்டம் கூட்டமாக மனுப்போட, களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சடிக்க வேண்டியிருந்தது. அப்போது வைப்புத்தொகை வெறும் 250 ரூபாய்.

மனு தள்ளுபடியாக வழக்கமான காரணங்கள் மூன்று. முதலாவது, படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் கட்டத்தை வெறுமனே விடுவது. சொத்து இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும்; கோடு போட்டு விடக்கூடாது. மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்பவர்கள், கூட்டுக் குடும்பச் சொத்து, ஐந்து வருட வருமானக் கணக்கு எல்லாம் அதில் வர வேண்டும். இரண்டாவது, அரசியல் சாசனத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்கும் உறுதிமொழி. மனுவைக் கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முந்தைய நாளுக்குள் அந்த உறுதிமொழியை எடுத்துவிட வேண்டும். பரிசீலனையன்று காலையில் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்த சுயேச்சைகளுக்கு அத்தோடு முடிந்தது. மூன்றாவது, இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தரும் படிவம் ஏ, படிவம் பி. கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் இரண்டும் வந்து சேர வேண்டும். மை கையெழுத்து வேண்டும், நகல் செல்லாது.

ஒப்பந்ததாரர்கள் நிற்கும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. மாநில அரசோடு நடப்பில் ஒப்பந்தம் இருந்தால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவின்படி தகுதி போகும். வேலையை முழுதாக முடித்துக் கொடுத்துவிட்டு பில் மட்டும் நிலுவையில் இருந்தால் பாதகமில்லை. வேலையே பாக்கி என்றால் மனுப்போடும் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

செலவு வரம்பு தமிழ்நாட்டில் 2022 முதல் 40 லட்சம். மனுப்போடுவதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பே தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. பதிவேட்டில் மூன்று நிறத் தாள்கள்: அன்றாடக் கணக்குக்கு வெள்ளை, ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். பிரசார காலத்தில் மூன்று முறையாவது செலவினப் பார்வையாளர் முன் காட்ட வேண்டும். அடிக்கடி மாட்டிக்கொள்வது பெரிய தலைவர் வரும் கூட்டத்தில். அவருடைய பயணச் செலவு கட்சிக் கணக்கு. அவரோடு வேட்பாளரும் மேடையேறினால், பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கிச் செலவில் ஒரு பங்கு வேட்பாளர் தலையில் விழும். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு போய்ச் சேராவிட்டால் மூன்று ஆண்டு வரை போட்டியிட முடியாமல் போகலாம். தோற்றவர்கள்தான் இதில் சிக்குவார்கள். தோற்ற மறுநாளிலிருந்து அந்தப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அலைய ஆள் இருக்காது.

எண்ணிக்கை நாளில் முகவர் கையில் இருக்க வேண்டியது படிவம் 17சி நகல். வாக்குச்சாவடியில் எத்தனை ஓட்டு பதிவானது என்று தலைமை அலுவலர் எழுதிக் கொடுத்த தாள் அது. இயந்திரம் காட்டும் மொத்தத்தை அதோடு ஒத்துப்பார்ப்பதுதான் முகவரின் முதல் வேலை. மறு எண்ணிக்கை வேண்டுமென்றால், மொத்தத்தை அறிவித்த பிறகு, வெற்றியாளரை அறிவிப்பதற்குள், காரணத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். கூச்சல் போட்டுப் பலனில்லை. 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. தோற்ற தி.மு.க. வேட்பாளர் அப்பாவு, தபால் ஓட்டுகளில் சான்றொப்பமிட்ட நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று ஓட்டுகளைத் தள்ளியதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2019-ல் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது; உச்ச நீதிமன்றம் முடிவை வெளியிடத் தடை விதித்தது; அந்தப் பேரவையின் காலமே முடிந்துபோனது. தேர்தல் வழக்குப் போட 45 நாள்தான் அவகாசம். நெருக்கமான தொகுதியில் தபால் ஓட்டு மேசைக்குத்தான் கெட்டிக்கார முகவரை அனுப்ப வேண்டும். பெரும்பாலும் வயதானவர் ஒருவரை மரியாதைக்காக அங்கே உட்கார வைத்துவிடுகிறார்கள்.

வெற்றிச் சான்றிதழை அசலாக எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போய்ப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டால் வேலை ஆரம்பம். பிரமாணம் எடுக்காமல் அவையில் அமர்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம்.

சம்பள விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். 2018-ல் சட்டம் திருத்தி 55,000-லிருந்து மாதம் 1,05,000 ஆக்கினார்கள். சம்பளம் என்று பார்த்தால் 30,000 தான். தொகுதிப் படி 25,000, வாகனப் படி 25,000, ஈட்டுப்படி 10,000, தொலைபேசி 7,500, தொகுப்புப் படி 5,000, அஞ்சல் 2,500 எல்லாம் சேர்ந்துதான் மீதி. முகூர்த்த மாதத்தில் மொய், மாலை, டீசல் மூன்றுக்கும் இது போதாது என்பது தொகுதியில் எல்லாருக்கும் தெரியும். மிச்சத்தை எங்கிருந்து எடுக்கிறார் என்பதில்தான் ஆள் யாரென்று தெரிந்துபோகும். முதல் வருடமே ‘எல்லாக் கல்யாணத்துக்கும் வருவேன், மொய் வைக்க மாட்டேன்’ என்று வழக்கப்படுத்திவிடுவது உத்தமம். நடுவில் நிறுத்தினால் பகை.

இனி அலுவலகம். 2021 கணக்கில் ஒரு தொகுதிக்குச் சராசரி 2.68 லட்சம் வாக்காளர்கள். வரும் மனுக்களை வந்த அன்றே மூன்றாகப் பிரிக்க வேண்டும்: தனிநபர் மனு, ஊர்ப் பொது மனு, வேலை அல்லது பணிமாறுதல். மூன்றாவது வகைதான் பொல்லாதது. ஒரே பணியிடத்துக்கு நாலு பேருக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்துவிட்டு, நாலும் ஒரே அதிகாரி மேசையில் போய் உட்கார்ந்தால் அதன்பின் அந்த லெட்டர் பேடுக்கு மதிப்பில்லை. கையெழுத்துப் போட்ட வெற்று லெட்டர் பேடைப் பி.ஏ.விடம் கொடுத்து வைப்பது அதைவிட ஆபத்து.

பதிவேட்டில் இருக்க வேண்டியவை: தேதி, பெயர், செல்போன் எண், ஊர், கோரிக்கை, துறை, அனுப்பிய கடித எண், மறுபடி கேட்க வேண்டிய தேதி, முடிவு. மறுபடி கேட்க வேண்டிய தேதி என்ற எட்டாவது பத்தி இல்லாத பதிவேடு வெறும் நோட்டு. ஒரு கடிதத்துக்கு ஒரு கோரிக்கைதான். ஆறு கோரிக்கையை ஒரே தாளில் எழுதிக் கலெக்டருக்கு அனுப்பினால், முதலாவது எந்தத் துறையோ அந்தத் துறைக்கு முழுக் கடிதமும் போகும். மற்ற ஐந்தும் அங்கேயே செத்துவிடும். வருவாய்க் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, முந்தைய மனு எண் நான்கும் இல்லாத பட்டாக் கடிதம் திரும்பி வரும். பதினைந்து நாள் கழித்து விசாரிக்கும்போது தாசில்தாரை அழைக்காமல், கோப்பை வைத்திருக்கும் பிரிவு உதவியாளரை அழைக்க வேண்டும். எந்தக் காகிதம் குறைகிறது என்று அவருக்குத்தான் தெரியும். எடுத்த எடுப்பில் மேலே போனால் ‘பார்க்கிறேன் சார்’ என்ற பதில் கிடைக்கும், கோப்பு நகராது.

ஆதாரில் முகவரி மாற்றச் சான்று கேட்டும் கூட்டம் வரும். ஆதார் ஆணையத்தின் படிவத்திலேயே கொடுக்க வேண்டும், லெட்டர் பேடில் எழுதினால் செல்லாது. முத்திரை புகைப்படத்தின் மேலும் தாளின் மேலும் பாதிப் பாதியாக விழ வேண்டும். இதில் பிழைவிட்டால் ஒரு கூலித்தொழிலாளிக்கு இன்னொரு நாள் கூலி போகும்.

ஊர்ப் பொது மனுவில் முதல் கேள்வி, அந்த இடம் யாருடையது. ஒரு சாலையையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு குக்கிராமங்களை இணைக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் மண்பாதை. தார் போட்டுத் தரச் சொல்கிறார்கள். மனுவில் பார்க்க ஒரே சாலைதான். புல வரைபடத்தை விரித்தால் முதல் பகுதி ஊராட்சிப் பாதை, நடுவில் முந்நூறு மீட்டர் வாய்க்கால் கரை, கடைசியில் ஒருவருடைய பட்டா நிலத்தின் ஓரம். வாய்க்கால் கரை நீர்வளத் துறைக்குச் சொந்தம். தடையின்மைச் சான்று வாங்காமல் ஒன்றியப் பொறியாளர் எஸ்டிமேட் போட மாட்டார். பட்டா நிலக்காரர் இன்று வாய்வார்த்தையாகச் சம்மதிப்பார், ஜல்லி கொட்டும் நாளில் தடையாணையோடு வருவார். ஆகவே தானப் பத்திரம் எழுதி ஊராட்சி பெயரில் பதிவான பிறகுதான் அடுத்த அடி. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை என்றால் ஊரக வளர்ச்சித் துறை. வனத்துறை நிலம் என்றால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றிய அரசின் அனுமதி. இது தெரியாமல் பூமி பூஜை போட்டுக் கல்வெட்டும் வைத்து, ஐந்து வருடம் கல்வெட்டு மட்டும் நிற்கும் சாலைகள் உண்டு. டிரான்ஸ்பார்மரும் இப்படித்தான்: மின் அழுத்தம் குறைவு என்று தெருவே கையெழுத்துப் போடும், கம்பம் நட இடம் கேட்டால் ஒருவரும் தன் வீட்டு முன்னால் விடமாட்டார். கோரிக்கை மனுவோடு இடச் சம்மதத்தையும் சேர்த்து வாங்கிவிட்டால் உதவிப் பொறியாளருக்குச் சாக்கு இருக்காது.

எம்.எல்.ஏ.வின் கையில் நேரடியாக இருக்கும் காசு தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 3 கோடி. பெரிய தொகை மாதிரித் தெரியும். சராசரித் தொகுதியில் ஒரு வாக்காளருக்கு ஆண்டுக்கு 110 ரூபாய் சொச்சம்தான் அது. பணம் அவர் கைக்கு வராது. அவர் பரிந்துரைப்பார், பொறியாளர் இடம் பார்த்து மதிப்பீடு போடுவார், தொழில்நுட்ப அனுமதி, கலெக்டரின் நிர்வாக அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு, எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் பதிவு, பில் என்று போகும். தனியார் நிலத்தில், வழிபாட்டுத் தலத்தில் செலவு செய்ய முடியாது. எம்.எல்.ஏ. பார்க்க வேண்டியது, யார் டெண்டர் எடுப்பார் என்பதை விட்டுவிட்டு, இந்தச் சொத்தை நாளைக்கு யார் பராமரிப்பார் என்பதை. சமுதாயக் கூடம் கட்டித் திறந்து, மின்கட்டணம் யார் கட்டுவது என்று முடிவாகாமல் பூட்டிக் கிடப்பது எந்த மாவட்டத்திலும் பார்க்கக்கூடிய காட்சி. ஊராட்சித் தீர்மானத்தில் ‘பராமரிப்பை ஏற்கிறோம்’ என்ற வரி இருந்தால் மட்டுமே பரிந்துரைக்கலாம். குடிநீருக்குப் போர் போடும் முன் நிலத்தடி நீர் ஆய்வுக் குறிப்பு வேண்டும். ஊர்ப் பெரியவர் காட்டிய இடத்தில் போட்டு வறண்டால் அந்தப் பணம் போனதுதான். மதிப்பீட்டைக் குறைத்துப் போட்டு அதிக ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆசையும் கெடுதல். டெண்டருக்கு ஆள் வராது, வந்தால் தரம் வராது. ஊருக்கு ஒரு லட்சம் பிரிப்பதைவிட ஆண்டுக்குச் சில பள்ளிகளுக்கு முழுதாக வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர் கட்டிவிடுவது நின்று பேசும். கட்சிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒவ்வொரு கிளைச் செயலாளருக்கும் தன் ஊரில் ஒரு கல்வெட்டு வேண்டும். இழுபறி எப்போதும் அங்கேதான்.

மேம்பாட்டு நிதியில் அடங்காத மேம்பாலம், கல்லூரி, பேருந்து நிலையம் போன்றவற்றுக்கு அரசின் நிதிதான். 2022 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளைப் பதினைந்து நாளில் கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார். அத்தகைய நேரத்தில் நிலம் தயாராக இருக்கும் கோரிக்கையைப் பட்டியலில் மேலே எழுதுகிறவர் வாங்கிவிடுவார். நிலம் எடுப்பே பாக்கி என்றால் எவ்வளவு நியாயமான கோரிக்கையும் ‘சாத்தியக்கூறு ஆராயப்படும்’ என்ற வரியில் உறங்கும்.

அவை வேலை. ஆண்டுக்கு ஐம்பது நாள் கூடினாலே அதிகம், அதில் பேசக் கிடைப்பது கட்சியின் பலத்தைப் பொறுத்துச் சில நிமிடங்கள். அதை வாழ்த்துப்பாவில் கரைத்துவிடுவதே நடப்பு. தலைவரைப் பாராட்டி முடிப்பதற்குள் பேரவைத் தலைவர் மணி அடித்துவிடுவார். தொகுதிக்காரர்களோ மூன்று நிமிட வீடியோவில் தங்கள் ஊர்ப் பெயர் வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

அவையில் கிடைக்கும் ஆயுதங்களில் மிகக் குறைவாக மதிக்கப்படுவது முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் வினா. ஊர்ப் பெயரையும் திட்டத்தின் பெயரையும் போட்டு ஒரு வினா கொடுத்தால், பதில் தயாரிக்கத் தலைமைச் செயலகத்திலிருந்து துறைத் தலைவருக்கு, அவரிடமிருந்து மாவட்டத்துக்கு, அங்கிருந்து வட்டத்துக்குக் குறிப்பு போகும். இரண்டு வருடமாகத் தூங்கிய கோப்பை யாரோ தூசி தட்டித்தான் அந்தப் பதிலை எழுத வேண்டும். வினா அவையில் எடுத்துக்கொள்ளப்படுவதற்கு முன்பே வேலை நடக்கத் தொடங்குவது இதனால்தான். ‘அரசு நடவடிக்கை எடுக்குமா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘எடுத்து வருகிறது’ என்று வரும். ‘மதிப்பீடு எந்தத் தேதியில் தயாரானது, எவ்வளவு, இப்போது எந்த நிலையில் உள்ளது’ என்று கேட்டால் தப்பிக்க வழியில்லை. அமைச்சர் அவையில் பதில் சொன்னதும் எழுப்பும் துணை வினாவில் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இரண்டு கேட்டால் அமைச்சர் எளிதானதற்கு மட்டும் பதில் சொல்லி உட்கார்ந்துவிடுவார். அவர் அவையில் ‘இந்த ஆண்டே’ என்று சொல்லிவிட்டால் அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு, அமைச்சர்கள் அவையில் தந்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்கும் உறுதிமொழிக் குழுவின் பக்கம் போகலாம். ஒரு துறைக்கான நிதியை அவை விவாதிக்கும் மானியக் கோரிக்கை நாளில் தரப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில் தன் மாவட்டத்துக்கான வரிகளை அடிக்கோடிட்டு வைப்பதும் இதே காரணத்துக்காக. பேரவை விதி 110-ன் கீழ் அவையில் படிக்கப்படும் அறிவிப்பின் மீது விவாதம் கிடையாது. கைதட்டலோடு விட்டுவிடாமல் அரசாணை வெளியாகி அதன் எண் கைக்கு வரும்வரை துரத்த வேண்டும். அரசாணை வராத அறிவிப்பு செய்தித்தாளோடு சரி.

புது உறுப்பினர்கள் குழு வேலையைத் தண்டனை மாதிரி நினைக்கிறார்கள். பொதுக் கணக்குக் குழுவிலும் மதிப்பீட்டுக் குழுவிலும் செயலாளர்கள் எதிரே உட்கார்ந்து பதில் சொல்வார்கள், தொலைக்காட்சிக் கேமரா இருக்காது. அங்கே தணிக்கை அறிக்கையின் பத்தியைப் படித்துவிட்டு வந்து கேட்கும் ஓர் எம்.எல்.ஏ.வின் தொலைபேசி அழைப்பை அதன் பின் எந்தத் துறையும் தள்ளிப்போடாது. எதிர்க்கட்சி உறுப்பினருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

பதவி போகும் வழிகளும் தெரிந்திருக்க வேண்டும். அனுமதியின்றி 60 நாள் அவைக்கு வராவிட்டால் இடம் காலியானதாக அறிவிக்கலாம். கொறடா உத்தரவை மீறினால், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை பாயும். ஓட்டுப் போடாமலும் பாயும்: 2017 ஆகஸ்டில் முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 அ.தி.மு.க. உறுப்பினர்களை, தாமாகக் கட்சியை விட்டதாகக் கருதி செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் தகுதி நீக்கினார். உயர் நீதிமன்றத்தில் முதலில் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்பளித்து, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் நீக்கத்தை உறுதிசெய்தார். 2019 ஏப்ரல், மே மாதங்களில் இடைத்தேர்தல் நடக்கும்வரை, ஒன்றரை ஆண்டுக்கு மேல், அந்தத் தொகுதிகளுக்கு எம்.எல்.ஏ. இல்லை. அடுத்தது வழக்கு. இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை என்றால் உச்ச நீதிமன்றத்தின் 2013 லில்லி தாமஸ் தீர்ப்புக்குப் பிறகு மேல்முறையீட்டுக்குக் காத்திராமல் அன்றே பதவி போகும். ஓசூர் உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்த பாலகிருஷ்ண ரெட்டி பதவியிழந்தது 1998-ல் நடந்த ஒரு கல்வீச்சு வழக்கில், 2019 ஜனவரியில். பின்னாளில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தாலும் இடைத்தேர்தல் முடிந்துபோயிருந்தது. போராட்ட வழக்குதானே என்று வாய்தாவுக்குப் போகாமல் விடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கடைசி ஆண்டின் கணக்கு வேறு. தேர்தல் அறிவிப்பு வந்த நிமிடத்திலிருந்து நடத்தை விதிகள். வேலை உத்தரவு கொடுத்திருந்தாலும் களத்தில் உண்மையாகத் தொடங்காத வேலை நிற்கும். தொடங்கியது தொடரலாம், முடிந்ததற்குப் பில் கொடுக்கலாம். 2021-ல் அறிவிப்பு வந்தது பிப்ரவரி 26. எனவே கடைசி ஆண்டுப் பரிந்துரைகளை ஆடிக்குள் கொடுத்து, ஐப்பசி மழைக்கு முன் டெண்டர் முடித்து, தை பிறந்ததும் மண் தோண்டியிருக்க வேண்டும். அறிவிப்பன்றே தொகுதி அலுவலகத்தைப் பூட்டிச் சீல் வைத்துவிடுவார்கள். மனுப் பதிவேடுகளின் நகலை அதற்கு முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும், நிலுவையில் இருக்கும் மனுக்காரர்கள் பிரசாரத்தில் கேட்பார்கள். சென்னையில் அரசு விடுதியில் அறை வைத்திருப்பவர் மறுபடி நிற்கப்போகிறார் என்றால், கடந்த பத்தாண்டில் குடியிருந்த அரசுக் குடியிருப்புக்கு வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி பாக்கி எதுவும் இல்லை என்ற சான்றும் வேட்புமனுவோடு வேண்டும். அதை நான்கு இடங்களில் வாங்க வேண்டியிருக்கும், தேர்தல் வேலையில் இருக்கும் அலுவலகங்கள் அந்த வாரத்தில் அவசரம் காட்டாது. ஜனவரியிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.